வீட்டு மானியம்: முதலில் பட்டாவைப் பாருங்கள்

ஐயா, உங்கள் பேரூராட்சியின் 40 குடும்பங்களுக்காகக் கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் கொடுத்த மனு திரும்பி வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மனம் தளர வேண்டாம். அது ஊரகப் பகுதிகளுக்கான திட்டம். பேரூராட்சி என்றாலே நகர்ப்புறக் கணக்கு. பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0தான் உங்களுக்குப் பொருந்தும். சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்பவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மட்டும் 1.5 லட்சம் ரூபாய். மாநிலப் பங்கு தனி. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வேறெங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது.

சிக்கல் பட்டாவில்தான் வரும். நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், இருப்பவர்கள், ஏரிக்கரையில் இருப்பவர்கள் என்று இன்றே இரண்டு பட்டியல் போடுங்கள். ஏரிக்கரை நீர்நிலைப் புறம்போக்கு, அதற்குப் பட்டா கிடைக்காது. அந்தக் குடும்பங்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீட்டைக் கேளுங்கள். ஊருக்குள்ளேயே இடம் காட்டிக் கேளுங்கள். தொலைவில் கொண்டுபோய் விட்டால் கூலி வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் போய்விடும்.

பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும். எங்கள் தெருவில் ஓர் அக்கா அஸ்திவாரத்தை முடித்துவிட்டு, தவணைப் பணத்துக்காக அதைப் படமெடுக்க ஆள் வராமல் காத்திருந்தார்; நட்டுவைத்த கம்பிகள் மழையில் துருப்பிடித்து நின்றன. முதல் கட்டச் செலவுக்கு மகளிர் குழுக் கடனை இப்போதே பேசிவையுங்கள்.