கோவையிலிருந்து சென்னைக்கு 400 கிலோமீட்டர்தானே, விமானத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்? ஈரோட்டில் இருக்கும் நான் விமானத்தில் போகலாமா, ரயிலிலா?

கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து சென்னை விமான நிலையம் இருக்கும் மீனம்பாக்கத்துக்கு நேர்கோட்டில் சுமார் 405 கிலோமீட்டர். சாலையில் போனால் 500ஐத் தாண்டும். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும், அப்படியானால் அரை மணி நேரம் போதுமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

ஆனால் அந்த வேகம் நன்றாக உயரம் ஏறிய பிறகுதான். இந்தத் தடத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பாதி. சீட் பெல்ட் விளக்கு அணையும், தண்ணீர் பாட்டில் கைக்கு வரும், மூடியைத் திறப்பதற்குள் 'இறங்கப் போகிறோம்' என்று அறிவிப்பு வந்துவிடும். வானத்தில் இருப்பது ஏறக்குறைய 50 நிமிடம். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரமோ, விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி சென்னையில் போய் நிற்கும் வரைக்குமான கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கும் விமானத்துக்காகக் காத்திருப்பது, சென்னை மேலே ஒரு வட்டம் அடிப்பது எல்லாம் அதில் அடக்கம். காற்றைப் பொறுத்தும் ஐந்து பத்து நிமிடம் மாறும்.

சரி, நீங்கள் ஈரோட்டிலிருந்து கிளம்புவதாகச் சொல்கிறீர்கள். பெருந்துறை, அவிநாசி வழியாக விமான நிலையத்துக்கே சுமார் 90 கிலோமீட்டர். அப்புறம் ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போயாக வேண்டும். எல்லாம் கூட்டினால் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். வந்தே பாரத் ஈரோட்டிலிருந்து சுமார் நாலரை மணி நேரத்தில் சென்ட்ரலில் விட்டுவிடும். நானாக இருந்தால் ரயில்தானுங்க.