கோள்களைப் போல நகை: எந்தக் கல், எப்படி வெட்டுவது?

கோள், நிலா, விண்கல் சாயலில் கையால் நகை செய்வது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு மொத்தமாகப் பதில்.

கே: வியாழன் டாலருக்கு எந்தக் கல்?

ப: பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை ஓடும் ஜாஸ்பர் அல்லது அகேட். கல் சுலபமாகக் கிடைத்துவிடும், எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வட்ட ஓட்டை போட்ட அட்டையைக் கல் பலகைமேல் வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள், பட்டைகள் படுக்கையாகவும் ஓரத்தில் லேசாகக் கலங்கியும் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு சிவப்புத் திட்டு மாட்டினால் விடவே கூடாது, வியாழனின் பெரும் சிவப்புப் புள்ளி தென்பாதியில்தான் இருக்கிறது. பளீர் ஊதா, ரோஸ் பட்டை என்றால் பெரும்பாலும் சாயம் ஏற்றியது.

கே: நெப்டியூன் என்றால் அடர்நீலக் கல்லான லாபிஸ் லாஜுலிதானே?

ப: எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள், எனக்குப் பிடிக்காது. 1989இல் வாயேஜர் 2 விண்கலம் அனுப்பிய படங்களை நீலம் தூக்கலாக வெளியிட்டதால் மனதில் பதிந்த நிறம் அது. 2024இல் வந்த ஆய்வுப்படி நெப்டியூனும் யுரேனஸும் வெளிறிய பச்சை கலந்த நீலம், நெப்டியூனில் நீலம் ஒரு பொட்டு கூட, அவ்வளவுதான். வெளிர்நீலக் கல்லான நல்ல அக்வாமரின் போதும். லாபிஸில் பொன்னிறமாக மின்னும் பைரைட் கனிமப் பொட்டுகளை நட்சத்திர வானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ரெயின்போ மூன்ஸ்டோன் போலியா?

ப: போலி இல்லை, அது லாப்ரடோரைட் என்ற கல்லின் வகை. நிலவுக்கு அதுதான் நெருங்கிய சொந்தம் என்பேன்: நிலவில் வெளுப்பாகத் தெரியும் மேட்டுநிலப் பாறையில் பெரும்பங்கு பிளேஜியோகிளேஸ் என்ற கனிமம், இந்தக் கல்லும் அதே குடும்பம். ஆனால் ஒரு தட்டு பட்டால் பிளந்துவிடும், மோதிரம் வேண்டாம், தோடு செய்யுங்கள்.

கே: விண்கல் மோதிரம் துருப்பிடிக்கிறது, ஏமாந்துவிட்டேனா?

ப: அவசியமில்லை, அது இரும்பும் நிக்கலும், வியர்வை பட்டால் துருப்பிடிக்கத்தான் செய்யும். கை கழுவும்போது கழற்றுங்கள், துடைத்துக் காயவைத்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். அசலா என்று பார்க்க விளிம்பைப் பாருங்கள். அமிலத்தில் அரித்தெடுத்த அந்தக் குறுக்குக் கோடுகள், விட்மன்ஸ்டாட்டன் வடிவம் என்பார்கள், சிறுகோளின் வயிற்றுக்குள் பல லட்சம் வருடம் மெதுவாக ஆறி உண்டானவை, உலோகத்தின் உள்ளேயே ஓடுபவை, ஆகவே பக்கவாட்டிலும் தொடரும். எஃகின்மேல் லேசரில் கீறியது மேற்பரப்போடு நின்றுவிடும். அப்புறம், இது இன்றைய மோகம் என்று நினைக்காதீர்கள், எகிப்தில் கெர்சே கல்லறைகளில் கிடைத்த 5,000 வருடப் பழைய மணிகள் விண்கல் இரும்பைத் தகடாக அடித்துச் சுருட்டியவை.

கே: அகேட்டை வீட்டிலேயே தேய்க்கலாமா?

ப: தேய்க்கலாம், ஆனால் தண்ணீர் விட்டுக்கொண்டேதான், முகக்கவசமும் வேண்டும். அகேட் சிலிக்கா கல், அதன் உலர்ந்த தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது.