அப்பாவின் விரலுக்கு எழுத்து பிடிபடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை நோயால் பார்வை போய் இரண்டு வருடம் ஆகிறது. பிரெயில் வகுப்பில் சேர்த்தோம். "எல்லாப் புள்ளியும் மொத்தையாத்தான் தெரியுது, இந்த வயசுல மூளையில ஏறாது" என்று ஒரே மாதத்தில் நின்றுவிட்டார். அப்படியே விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: விட வேண்டாம். ஆனால் அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

பிரெயிலில் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர்தான். விரல் நுனியால் இரண்டு புள்ளிகளைப் பிரித்து உணர முடிகிற எல்லையே சுமார் 2 மில்லிமீட்டர். அதனால் தொடக்கத்தில் மொத்தையாகத் தெரிவது இயல்பு. புரியவில்லை என்றதும் எல்லாரும் விரலை அழுத்துவார்கள், அங்கேயே தேய்ப்பார்கள். அதுதான் தப்பு. பட்டும் படாமல் வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தச் சொல்லுங்கள். புள்ளிமேல் தோல் ஏறி இறங்கும் அந்த அசைவைத்தான் நரம்பு மூளைக்கு அனுப்புகிறது.

சர்க்கரை விரல் நரம்பையும் கெடுக்கலாம். நுனி மரத்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இன்னொன்று, பலரும் யோசிக்காதது: சுகர் பார்க்க எந்த விரலில் குத்துகிறார்? படிக்கிற ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு வேறு விரலில் குத்தச் சொல்லுங்கள்.

சரி, மூளைக்கு வருவோம். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்கள் பிரெயில் படிக்கும்போது பின்மண்டையில் பார்வைக்கென்று இருக்கும் பகுதி வேலை செய்வதை 1996இல் ஸ்கேனில் பார்த்தார்கள். அடுத்த வருடம் அந்த இடத்தைக் காந்தத் துடிப்பால் கொஞ்சம் குழப்பிப் பார்த்தபோது வாசிப்பில் பிழைகள் வந்தன. 2000இல் வெளியான ஒரு பெண்ணின் கதை எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பிரெயிலைச் சரளமாகப் படித்தவர். பக்கவாதம் பின்மண்டையின் இரண்டு பக்கத்தையும் தாக்கியது. விரலில் உணர்ச்சி அப்படியே இருந்தது, புள்ளிகள் தட்டுப்பட்டன, ஆனால் எழுத்தாகச் சேரவில்லை.

வளர்ந்தபின் பார்வை போனவர்களிடம் அதே காந்தச் சோதனை வாசிப்பை அப்படிக் குலைக்கவில்லை. ஆக, அப்பாவின் மூளை குழந்தையின் மூளை போல மாறாது, உண்மைதான். அதற்காகக் கதவு மூடிவிட்டது என்று அர்த்தமில்லை. பார்வையுள்ள பெரியவர்களுக்கே 9 மாதம் பிரெயில் கற்றுக்கொடுத்து 2016இல் ஓர் ஆய்வு வந்தது. கண்ணால் படிக்கும்போது சொற்களை அடையாளம் காண்கிற பகுதி, அவர்கள் விரலால் படித்தபோதும் வேலை செய்தது. கவனியுங்கள், 9 மாதம். அப்பா கொடுத்தது ஒன்று.

மறுபடி தொடங்கும்போது தாளோடு தொடங்காதீர்கள். ஆறு முட்டை அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வையுங்கள்: மூன்று வரிசை, வரிசைக்கு இரண்டு குழி, அதுதான் ஒரு பிரெயில் எழுத்து. குழிகளில் உலர்ந்த பட்டாணி போட்டு வடிவங்களை மனதில் ஏற்றட்டும். அப்புறம் பெரிய இடைவெளி உள்ள பிரெயில் தாள், கடைசியில் சாதாரண அளவு. பல எழுத்துகளுக்குச் சேர்த்து ஒரே குறி போடுகிற சுருக்கங்கள் இப்போது வேண்டாம். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் கால் மணி நேரம் மேல்.

தமிழிலும் படிக்க ஆசைப்பட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஆங்கிலத்தின் 'கே'யும் நம் 'க'வும் ஒரே புள்ளிகள், 'எம்'மும் 'ம'வும் அப்படியே. அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் 'ம' என்று ஒட்டி வையுங்கள், மிளகாய்த்தூளை அப்பாவே எடுத்துக் கொடுக்கட்டும்.