சஃபாரி பார்க் போக ஆண்டுச் சந்தா எடுக்கலாமா?

கேள்வி: வணக்கம். வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், ஒன்பது வயது மகள், மூன்று வயது முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கும் மகன், முழங்கால் வலியுள்ள மாமியார். சிங்கத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு சஃபாரி பார்க் இருக்கிறது. சொந்தக் காரிலேயே விலங்குகளுக்கு நடுவில் ஓட்டிப் போகலாம். இதற்காக ஐந்து மாதமாகத் தனியாகப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். அதை நூறு பங்கு என்று வைத்துக்கொண்டால், எங்கள் கணக்கில் செலவு 120 வருகிறது. டிக்கெட் 44, பெட்ரோலும் பார்க்கிங்கும் 22, அங்கே சாப்பாடு 24, விலங்குகளுக்கு உணவூட்டுவது, குட்டி ரயில், படகு எல்லாம் சேர்த்து 18, பொம்மையும் போட்டோவும் 12. டிக்கெட்டைப் போல இரண்டரை மடங்கு கொடுத்தால் ஆண்டுச் சந்தா, வருடம் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம், அதுதான் லாபம் என்கிறார் கணவர். குறையும் பணத்தைக் கிரெடிட் கார்டில் தவணையாகப் போட்டுக்கொள்ளலாமாம். என்ன செய்வது?

பதில்: ஐந்து மாதம் முன்பே எடுத்து வைக்கத் தொடங்கினீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. சந்தா இப்போது வேண்டாம். கார்டும் வேண்டாம். நூறுக்குள்ளேயே இந்த நாளை நன்றாக முடிக்கலாம், கையில் கொஞ்சம் மிஞ்சவும் செய்யும்.

முதலில் சந்தா. டிக்கெட் 44 என்றால் சந்தா 110. மூன்றாவது முறை போனால் முதல் எடுத்துவிடலாம் என்பது உங்கள் கணவரின் கணக்கு. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் சந்தா அட்டை பெட்ரோல் போடாது, சாப்பாடும் வாங்கித் தராது. கீழே நான் சொல்கிறபடி செலவைக் குறைத்தாலும், டிக்கெட் போக ஒவ்வொரு பயணத்துக்கும் 44 பங்கு கையிலிருந்து போகும். இரண்டு முறை போனால் சந்தாவோடு 198, சந்தா இல்லாமல் 176. அதாவது நஷ்டம். மூன்று முறை போனால் 242-க்கு 264, மிச்சம் வெறும் 22. அந்த 22-ஐ மிச்சப்படுத்த 242 செலவழிக்க வேண்டும். நீங்கள் மாதம் 20 பங்கு சேர்க்கிறீர்கள், வருடத்துக்கு 240. ஆக, வருடம் முழுக்கச் சேர்க்கும் பணம் மொத்தத்தையும் ஒரே பூங்காவில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் போதாது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் பூங்கா இருப்பவர்களுக்குச் சந்தா நல்ல ஏற்பாடு. போக மூன்று மணி, வர மூன்று மணி என்று இருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

இருந்தாலும் ஒன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய டிக்கெட்டைக் காட்டி, மீதிப் பணத்தைக் கட்டி, அதே நாளில் சந்தாவாக மாற்றிக்கொள்ளச் சில பூங்காக்கள் விடுகின்றன. அந்த வசதி இருந்தால் முடிவை மாலையில் வெளியே வரும்போது எடுக்கலாம். பிள்ளைகளுக்கு இடம் பிடித்ததா, மாமியாரால் அந்த அலைச்சலைத் தாங்க முடிந்ததா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

சந்தாவைப் பூங்காக்கள் ஏன் இவ்வளவு தள்ளித் தள்ளி விற்கின்றன என்பதையும் சொல்கிறேன், உங்களுக்குப் பேரம் எங்கே கிடைக்கும் என்று அதிலிருந்தே புரியும். ஆப்பிரிக்காவுக்கு வெளியே காரில் ஓட்டிப் போகும் முதல் சஃபாரி பார்க் 1966-இல் இங்கிலாந்தின் லாங்லீட்டில் திறந்தது. பெரிய மாளிகையும் நிலமும் வைத்திருந்த ஒரு பிரபு குடும்பமும், சர்க்கஸ் குடும்பத்திலிருந்து வந்த ஜிம்மி சிப்பர்ஃபீல்டும் சேர்ந்து சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து இந்தத் தொழிலின் கணக்கு மாறவே இல்லை. வளர்ந்த யானை ஒன்று ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தின்னும். மழை கொட்டுகிற செவ்வாய்க்கிழமையிலும் அதே அளவுதான் தின்னும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பூங்காவுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் ஆண்டுச் சந்தா, வாரநாள் டிக்கெட், முன்பதிவுத் தள்ளுபடி, விடுமுறைக் காலம் முடிந்த பிறகு குறைந்த கட்டணம் என்று பல பூங்காக்கள் வைத்திருக்கின்றன. ஒரு வாரநாளில் கணவர் விடுப்பு எடுக்க முடிந்தால், டிக்கெட் 44 என்பதே குறைய வாய்ப்பு உண்டு. வரிசையும் குறையும். அது பணத்தைவிடப் பெரிய லாபம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சஃபாரி டிக்கெட்டின் மதிப்பு நேரத்துக்கு நேரம் மாறும். காலை பத்து மணிக்கு உள்ளே போகிறவரும் பகல் ஒரு மணிக்குப் போகிறவரும் ஒரே விலைதான் கொடுக்கிறார்கள், பார்ப்பது மட்டும் ஒன்றில்லை. சிங்கம் ஒரு நாளில் பதினாறு முதல் இருபது மணி நேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி. வெயில் ஏறிவிட்டால் நிழல் தேடிப் போய்விடும். சிங்கப்பூரில் 1994-இல் இரவில் மட்டும் திறக்கும் நைட் சஃபாரியைத் தொடங்கியதற்கும் அடிப்படை இதுதான். நிறைய விலங்குகள் இருட்டிய பிறகுதான் நடமாடும்.

என் மகனுக்கு ஏழு வயதிருக்கும்போது நாங்கள் ஒரு பூங்காவுக்கு நடுப்பகலில் போய்ச் சேர்ந்தோம். சிங்கப் பகுதியில் எங்கள் கார் ஊர்ந்து ஊர்ந்து போனது. புல்மேட்டுக்குப் பின்னால் ஒரு காது மட்டும் தெரிந்தது. ஈ வந்து உட்கார்ந்தால் அந்தக் காது ஒரு முறை துடிக்கும், அடங்கிவிடும். அவன் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, “அப்பா, அது எழுந்திரிக்குமா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எழுந்திருக்கவில்லை. அதே டிக்கெட்டில் இன்னொரு சுற்று வரலாம் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். பூங்கா மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு மறுபடி உள்ளே போனோம். இந்த முறை பெண் சிங்கம் ஒன்று பாதையை மறித்து நடந்து, எங்கள் பம்பருக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்த்தது. அதன் மூக்குக்குக் கீழே மீசை முடிகள் முளைத்திருந்த கரும்புள்ளிகளை எண்ணலாம் போல அவ்வளவு கிட்டத்தில். அவன் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். இரண்டாவது சுற்றுக்கு நாங்கள் கூடுதலாக ஒரு காசு கொடுக்கவில்லை.

அதனால் டிக்கெட் எடுக்கும் முன் பூங்காவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே டிக்கெட்டில் எத்தனை முறை சுற்றலாம்? கடைசியாக எத்தனை மணிக்கு உள்ளே விடுவீர்கள்? ஒரு சுற்றுக்கு மேல் விடுவார்கள் என்றால், கதவு திறந்ததும் ஒன்று, மூடுவதற்கு முன்பு ஒன்று. நடுவில் உள்ள வெயில் நேரம் நடந்து பார்க்கும் பகுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும். காலைச் சுற்றுக்குப் போய்ச் சேர நீங்கள் விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். பிள்ளைகள் காரிலேயே தூங்கட்டும். உள்ளே நுழைவதற்கு முன் ஐந்து பேரும் கழிப்பறைக்குப் போய்வந்துவிடுங்கள். சஃபாரிப் பாதையில் காரை விட்டு இறங்க முடியாது, கூட்ட நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். சின்னவனுக்கும் மாமியாருக்கும் அது நீண்ட நேரம்.

அடுத்தது, உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு செலவு: கார்.

பெரும்பாலான பூங்காக்களின் விதிமுறையில், வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்குப் பொறுப்பு உங்களுடையதே என்று ஒரு வரி இருக்கும். சிங்கம், புலியால் வரும் சேதம் அபூர்வம். சிரமம் கொடுப்பது குரங்குகள், அதிலும் பபூன். வைப்பர் ரப்பரை உருவும், ஏரியலை வளைக்கும், பக்கக் கண்ணாடியில் தொங்கும், கூரைமேல் கட்டிய பெட்டியைத் திறந்து துணிமணியை இழுத்துப் போடும். இங்கிலாந்தின் நோஸ்லி சஃபாரி பார்க்கில், தங்கள் காருக்கு என்ன ஆகுமோ என்று பயப்படுகிறவர்கள் பபூன்களைத் தவிர்த்துப் போகத் தனிப் பாதையே வைத்திருக்கிறார்கள் என்றால் பாருங்கள்.

உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் என்றால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும், கிளெய்மில் முதல் ஒரு தொகை உங்கள் கையிலிருந்து போகும். அதோடு, கிளெய்ம் செய்யாமல் இருந்ததற்காகப் புதுப்பிக்கும்போது கிடைத்துவந்த தள்ளுபடியும் போய்விடக்கூடும். ஒரு பக்கக் கண்ணாடி உடைந்ததற்காகக் கிளெய்ம் போட்டால் பல நேரம் நமக்குத்தான் நஷ்டம், கைக்காசிலேயே மாற்றிவிடுவதுதான் லாபமாக இருக்கும். விலங்குகளால் வரும் சேதம் பாலிசியில் அடங்குமா என்று நிறுவனத்திடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை, சிங்கப் பகுதிக்கும் மற்ற விலங்குகளுக்கும் சொந்தக் காரிலேயே போங்கள், அந்த நெருக்கம் வேறு எதிலும் கிடைக்காது. குரங்குப் பகுதியைச் சுற்றிப் போக வழி இருந்தால் சுற்றிப் போங்கள். பூங்காவின் சொந்தப் பேருந்து இருந்தால், குரங்குகளை அதிலிருந்து பார்க்கலாம். துணிக்கூரைக் கார்களைப் பல இடங்களில் விடுவதே இல்லை, உங்களுடையது சாதாரணக் கார் என்றால் கவலையில்லை. கிளம்பும் முன் கூலன்ட் அளவைப் பார்த்துவிடுங்கள். மணிக்கணக்கில் முதல் கியரில் ஊர்ந்தால் எஞ்சின் சூடேறும், சிங்கப் பகுதியில் வண்டி நின்றுவிட்டால் மீட்பு வண்டி வரும்வரை ஹாரனை அடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சரி, இப்போது உங்கள் 120-க்கு வருவோம். டிக்கெட் 44, பயணம் 22, இரண்டையும் அப்படியே வையுங்கள். சாப்பாட்டை 24-லிருந்து 8-க்குக் கொண்டுவரலாம். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போங்கள். உட்கார்ந்து சாப்பிடப் பல பூங்காக்களில் இடம் ஒதுக்கியிருப்பார்கள், வெளி உணவு அனுமதி உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 8 பங்கு, பிள்ளைகள் கேட்கிற குளிர்ச்சியான ஏதோ ஒன்றுக்கும் பெரியவர்களின் தேநீருக்கும். பொம்மைக்கும் போட்டோவுக்கும் 12 என்பதை 6 ஆக்கி, மகளின் பங்கு 3-ஐ அவள் கையிலேயே காலையில் கொடுத்துவிடுங்கள். அவள் பணம், அவள் முடிவு. கடை வாசலில் நடக்கும் கெஞ்சலும் அழுகையும் அதோடு நின்றுவிடும், அவள் தானாக விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கத் தொடங்குவாள். குட்டி ரயில், படகு இரண்டும் வேண்டாம். ஊருக்கு ஊர் கிடைப்பவை அவை. உணவூட்டுவதற்கு மட்டும் 8 வையுங்கள். மொத்தம் 88. மீதி 12-ஐத் தொடாமல் வைத்திருங்கள். பஞ்சர், மருந்து, உடைந்த வைப்பர் எதுவானாலும் அதிலிருந்து எடுக்கலாம்.

கார்டுத் தவணைக்கு இதற்குமேல் அவசியமே இல்லை. அப்படியே இருந்தாலும், சந்தா இல்லாமல் உங்கள் கணக்கில் குறையும் பணம் 20 பங்குதான், அது உங்கள் ஒரு மாதச் சேமிப்பு. ஒரு மாதம் தள்ளிப் போனால் தீர்ந்துபோகிற விஷயத்துக்காகக் கடன் வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும், செயலாக்கக் கட்டணம் என்று ஒன்றை அதில் சேர்ப்பது உண்டு.

இன்னொன்று, உங்கள் மகனின் வயது. பல பூங்காக்களில் மூன்று வயது முடியாத பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் 44-இல் அவனுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இந்த இரண்டு மாதத்துக்குள் போய்வந்தால் அந்தப் பங்கு மிச்சமாகலாம். பிறந்தநாள் தாண்டிவிட்டால் வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், பக்கத்தில் மகள் கேட்டுக்கொண்டு நிற்பாள். டிக்கெட்டைத் தேதி மாற்ற முடியுமா, மழை வந்தால் என்ன விதி என்பதையும் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். மூன்று மணி நேரப் பயணத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த ஒரு விதிதான் 44 பங்கைக் காப்பாற்றும்.

உணவூட்டுவதற்கு ஒதுக்கிய 8 பங்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குறைக்காதீர்கள். ஒட்டகச்சிவிங்கிக்குத் தழை கொடுக்கும் இடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அதன் நாக்கு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம், கருநீல நிறம், கொஞ்சம் சொரசொரப்பாக வந்து கையில் இருக்கும் கிளையைச் சுற்றி இழுக்கும். சிங்கம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான், தொட்டுப் பார்க்க முடிவது இது ஒன்றுதான். தலை உயரத்துக்கு வர வேண்டும் என்பதால் அந்த மேடை உயரமாகத்தான் இருக்கும். படிக்கட்டு மட்டும்தானா, சாய்தளம் உண்டா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். சாய்தளம் இருந்தால் மாமியாரையும் மேலே கூட்டிப்போய், ஒரு கிளையை அவர் கையிலும் கொடுங்கள்.