புழு மனையில் வெப்பநிலை ஏன் ஆடுகிறது? – கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பட்டு விவசாயிகள் கார்த்திகை பிறந்ததும் கேட்க ஆரம்பிக்கிற கேள்விகள் இவை. நான் பட்டுப்புழு வளர்க்கும் மனைகளுக்கு, வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டரை ஓட்டி நிறுத்துகிற கண்ட்ரோலர் பெட்டி கட்டிக் கொடுப்பவன். நோய், மருந்து பற்றிய கேள்விகளைப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் கேளுங்கள். ஹீட்டர், சென்சார், ரிலே (ஹீட்டர் கரண்டைத் தானாகப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச்) சமாச்சாரம் என்றால் நான் பொறுப்பு.

தேன்கனிக்கோட்டையிலிருந்து: அண்ணா, எஸ்டிசி-1000 கண்ட்ரோலர் பெட்டியில் 26 டிகிரி வைத்திருக்கிறேன். பெட்டி எப்போது பார்த்தாலும் 26ஐ ஒட்டியே காட்டுகிறது. ஆனால் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தெர்மாமீட்டர் ராத்திரியில் 23க்கும் 29க்கும் நடுவே ஆடுகிறது. பெட்டி பழுதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. சென்சாரைச் சுவரில் டேப் போட்டு ஒட்டியிருப்பீர்கள், சரியா? அந்தப் பெட்டியோடு வருகிற சென்சார் வயர் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் எல்லோரும் பெட்டி மாட்டிய இடத்திலேயே சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். சுவர் மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். அறைக் காற்று 29க்குப் போன பிறகுதான் சுவர் 26ஐத் தொடும். அதற்கப்புறம்தான் ஹீட்டர் நிற்கும். திரும்ப ஓட ஆரம்பிப்பதற்குள் புழு 23ல் சுருண்டு கிடக்கும்.

சென்சார் ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் கதை நேர் எதிர். ரிலே நிமிடத்துக்கு ஒரு தரம் டிக் டிக் என்று அடிக்கும், அறை மட்டும் சூடேறவே ஏறாது. ஆக, பெட்டி அசையாமல் நிற்க அறை ஆடினால் சென்சார் சுவரில் இருக்கிறது. பெட்டி துள்ள அறை குளிர்ந்தே கிடந்தால் ஹீட்டர் பக்கத்தில் இருக்கிறது. போனில் கேட்டே இதைச் சொல்லிவிடலாம்.

வயரை நீட்டுங்கள். சாதாரண இரட்டை வயர் போதும். அந்தச் சென்சாரின் மின்தடை 25 டிகிரியில் 10,000 ஓம். பத்து மீட்டர் செம்பு வயர் சேர்ப்பது ஒரு ஓமுக்கும் குறைவு, அதனால் கணக்கில் வராது. கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தனியாக இழுங்கள். நடு வரிசை, நடு அடுக்கு, புழு படுக்கையின் உயரத்தில் தொங்கவிடுங்கள். தழையில் மட்டும் படக்கூடாது. ஈரத் தழையில் பட்டால் ஆவியாகும் தண்ணீர் சென்சாரைக் குளிரவைத்து, காற்றைவிடக் குறைவாகக் காட்டும். ஹீட்டரும் தேவையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

பாலக்கோட்டிலிருந்து: சென்சார் சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆயில் ஹீட்டர், 2000 வாட். 26 தொட்டதும் கட் ஆகிறது. அப்புறமும் 28 வரை ஏறிவிடுகிறதே?

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் தோசை கருகுமே, அதே விஷயம்தான். கரண்ட் நின்றாலும் உள்ளே இருக்கிற எண்ணெயின் சூடு கால் மணி, அரை மணி நேரத்துக்கு அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். பெட்டியில் எந்த செட்டிங்கை மாற்றினாலும் அந்தச் சூட்டைத் திரும்ப எடுக்க முடியாது.

அதனால் முதலில் ஹீட்டரின் சக்தியைக் குறையுங்கள். ஆயில் ஹீட்டரில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிலை இருக்கும், கீழ் நிலையில் போட்டுப் பாருங்கள். குளிர் அதிகமான ராத்திரியில் ஹீட்டர் பாதி நேரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நேரம் வரை ஓடினால் அளவு பொருத்தம். பத்து நிமிடம் ஓடி ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் ஹீட்டர் பெரிது. பெரிய ஹீட்டர் வாங்கினால் நல்லது என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

அடுத்து, ஒரு சின்ன மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். புழுவின் மேல் காற்று நேராக அடிக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். விசிறி இல்லாத மனையில் மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வித்தியாசம் கையால் தொட்டாலே தெரியும். மேல் தட்டுப் புழு முன்னாலேயே தோலுரித்துவிடும், கீழ்த் தட்டு பின்தங்கும், ஒரே நாளில் தழை நிறுத்த முடியாமல் திண்டாடுவீர்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு பெட்டியின் செட்டிங்கைத் தொடுங்கள். எஃப்1 என்பது ஹீட்டர் நிற்க வேண்டிய வெப்பநிலை, எஃப்2 என்பது அதிலிருந்து எத்தனை டிகிரி இறங்கினால் திரும்ப ஓட வேண்டும் என்பது. எஃப்1ல் 26, எஃப்2ல் 1 என்றால் ஹீட்டர் 25ல் ஓடும், 26ல் நிற்கும். ஆயில் ஹீட்டருக்கு எஃப்1ஐ 25.5 ஆக இறக்கி, எஃப்2ஐ 0.5 வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பென்னாகரத்திலிருந்து: ஹீட்டரும் இருக்கிறது, கூலரும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பெட்டியில் மாட்டலாமா?

மாட்டலாம், எஃப்2 குறைந்தது 1.5 இருந்தால். இல்லாவிட்டால் ஹீட்டர் கொஞ்சம் அதிகமாகச் சூடாக்க, கூலர் ஓட, அது குளிர்விக்க, மறுபடி ஹீட்டர் ஓட, இரண்டும் விடிய விடியச் சண்டை போடும். கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் உங்களுக்கே தெரியவரும். குளிர்காலத்தில் கூலர் வயரைக் கழற்றியே வைத்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

ஊத்தங்கரையிலிருந்து: சார், நான் இன்ஜினியரிங் படிக்கிறேன். அப்பாவின் மனைக்கு ஈஎஸ்பி32 (சின்னக் கணினிப் பலகை), டிஎச்டி22 சென்சார், ரிலே வைத்து பிஐடி (ஹீட்டருக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று பி, ஐ, டி என்ற மூன்று எண்களால் கணக்கிடும் நிரல்) எழுதியிருக்கிறேன். இணையத்தில் எடுத்த எண்களைப் போட்டேன். வெப்பநிலை மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது. எந்த எண்கள் போடலாம்?

தம்பி, அடுத்தவன் மனையின் எண்கள் உன் மனைக்கு ஆகாது. ஓட்டு வீடு, ஷீட் கூரை, கான்கிரீட் என ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. உன் மனையை அளந்து பார்.

ராத்திரி பத்து மணிக்கு மேல், வெளியே வெப்பநிலை நிதானமான பிறகு, பிஐடியை நிறுத்திவிட்டு ஹீட்டரை 50 சதவீதத்தில் ஓடவிடு. இரண்டு விஷயம் குறித்துக்கொள். வெப்பநிலை அசைய ஆரம்பிக்க எத்தனை நிமிடம் ஆனது, அசைந்த பிறகு நிமிடத்துக்கு எவ்வளவு ஏறியது. பேச்சுக்கு 4 நிமிடத் தாமதம், நிமிடத்துக்கு 0.1 டிகிரி ஏற்றம் என்று வைப்போம். 0.1ஐ 50ஆல் வகுத்தால் 0.002. தாமதத்தின் இரண்டு மடங்கான 8ஆல் அதைப் பெருக்கினால் 0.016. ஒன்றை அதனால் வகுத்தால் சுமார் 62. அதாவது ஒரு டிகிரி குறைந்தால் 62 சதவீதச் சக்தி, இதுதான் உன் பி. அடுத்து ஐ, மிச்சமிருக்கும் வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே போகிற பகுதி. அதற்கான நேரம் அந்த 8 நிமிடத்தின் நான்கு மடங்கு, 32 நிமிடம். உன் நிரல் நொடிக் கணக்கில் ஐ எண்ணைக் கேட்டால் 62.5ஐ 1920ஆல் வகுத்து 0.033 என்று போடு. நிதானமாகப் போகிற கணக்கு இது. கொஞ்சம் மெதுவாக ஏறும், ஆனால் ஆடாது.

வெப்பநிலை மாறுகிற வேகத்தைப் பார்க்கும் டி-யைப் பூஜ்யமாக வை. டிஎச்டி22 0.1 டிகிரிப் படியாகத்தான் எண் கொடுக்கும். ஒவ்வொரு படியையும் பெரிய மாற்றம் என்று டி நினைத்துக் குதிக்கும். அரை டிகிரி துல்லியம் உள்ள சென்சாரை வைத்துக்கொண்டு டி-யோடு மல்லுக்கட்டுவது வீண்வேலை.

ரிலேயை நொடிக்கு ஒரு தரம் தட்டவிடாதே. சாதாரண ரிலே முழுச் சுமையில் லட்சம் தரம் அளவுக்குத்தான் உழைக்கும். ஐந்திலிருந்து பத்து நிமிடத்தை ஒரு சுற்றாக வைத்து, அதில் 40 சதவீதம் வேண்டுமானால் 40 சதவீத நேரம் ஓடவிடு. அறை அதைவிட மெதுவானது, அதனால் வித்தியாசம் தெரியாது. அசையும் முனை இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே போட்டால் 10 நொடிச் சுற்றுகூடச் சரி, ஆனால் அதற்கு அலுமினியத் தகடு கட்டாயம். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும், அந்த ரிலே சுமார் 10 வாட் சூட்டைத் தானே கக்கும்.

இன்னொன்று. தழை போட அம்மா கதவைத் திறந்து வைக்கும்போது அறை குளிரும், ஐ தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போகும். கதவை மூடிய பிறகு சேர்த்ததையெல்லாம் கொட்டும், வெப்பநிலை எகிறும். சக்தி 100ஐத் தொட்டால் ஐ மேற்கொண்டு சேர்க்கக்கூடாது என்று ஒரு வரி எழுது. முடிந்தால் கதவில் காந்த ஸ்விட்ச் வைத்து, திறந்திருக்கும்வரை ஐ-யை நிறுத்திவை.

கடைசியாக, இதை மட்டும் விட்டுவிடாதே. 32 டிகிரியில் தானாக வெட்டுகிற சாதாரண மெக்கானிக்கல் தெர்மோஸ்டாட் ஒன்றை ஹீட்டர் லைனில் தனியாகத் தொடராகப் போடு. ரிலே முனை ஒட்டிக்கொண்டால் உன் நிரல் எவ்வளவு நன்றாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

காரிமங்கலத்தில் இளம்புழு மையம் நடத்தும் அக்கா கேட்கிறார்கள்: ஹீட்டர் போட்டதிலிருந்து வெப்பம் சரியாக 27 நிற்கிறது. ஆனால் தழை சீக்கிரம் வாடுகிறது. ஏன்?

அக்கா, ஹீட்டர் காற்றில் தண்ணீர் சேர்ப்பதில்லை. வெளியே 15 டிகிரி, 90 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். அதே காற்றை 27 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 43 சதவீதத்துக்கு விழுந்துவிடும். இளம்புழுவுக்கு வேண்டியது 85, 90. வெளியே பனி கொட்டும்போது உள்ளே தழை காய்வது இதனால்தான்.

தட்டின் மேலும் கீழும் மெழுகுத்தாள், ஓரத்தில் ஈர ஸ்பாஞ்சு என்று நீங்கள் வழக்கமாகச் செய்வதை விடாதீர்கள். அதோடு ஹியூமிடிஃபையரைத் தனிக் கண்ட்ரோலரில் மாட்டுங்கள். முதலில் வெப்பத்தை நிலைப்படுத்துங்கள், ஒரு ராத்திரி அது ஆடாமல் நின்ற பிறகு ஈரப்பதத்துக்கு வாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் திருகினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. புகை போல வரும் பனி சென்சார் மேல் படவே கூடாது.

தோலுரிப்பின்போது ஹியூமிடிஃபையரை நிறுத்தி மனையை உலரவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்கென்று பெட்டியில் தனி ஸ்விட்ச் கேட்டு வாங்குங்கள். செட்டிங்கை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்க மறப்பதுதான் நான் போகிற இடத்திலெல்லாம் பார்ப்பது.

தளியிலிருந்து: ராத்திரி வோல்டேஜ் 180க்கு இறங்குகிறது. ஹீட்டர் போதவில்லை.

180ல் உங்கள் 2000 வாட் ஹீட்டர் சுமார் 1,225 வாட்தான் தரும். வோல்டேஜ் குறைவதைவிட வேகமாகச் சக்தி குறையும். முதலில் ஜன்னல் சந்து, கூரை விளிம்பு இடைவெளியைச் சாயங்காலத்தில் மூடுங்கள், காற்றோட்டத்துக்குக் கொஞ்சம் விட்டுவிட்டு. அதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு சின்ன ஹீட்டர்.

அதே ஊர்: அதற்குப் பதில் கரி அடுப்பு வைக்கலாமா?

வேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பு கார்பன் மோனாக்சைடு கக்கும். தழை போட உள்ளே போகிறவர் உயிருக்கே ஆபத்து.

அரூரிலிருந்து: சித்திரையில் 38 டிகிரி. கண்ட்ரோலரால் 25க்குக் கொண்டுவர முடியுமா?

தண்ணீர்க் கூலரை வைத்து முடியாது. 38 டிகிரி, 25 சதவீத ஈரப்பதம் என்றால் காற்று ஆவியால் குளிரக்கூடிய எல்லையே சுமார் 22. நல்ல கூலர் அதை நோக்கி முக்கால் தூரம் போகும், 26, 27 கிடைக்கும். மழை மேகம் கூடி ஈரப்பதம் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. ஷீட் கூரை என்றால் மேலே தென்னங்கீற்று போட்டு, சுண்ணாம்பு அடித்த பிறகு கூலரைப் பற்றிப் பேசுவோம்.

காவேரிப்பட்டணத்துக்காரர், இப்போது ஜெர்மனியில்: அண்ணா, இங்கே வீட்டில் சுடுதண்ணீர் ஓடுகிற ரேடியேட்டர். அதில் ஸ்மார்ட் வால்வு மாட்டினேன். 21 வைத்தால் படுக்கையறை 19க்கும் 23க்கும் ஆடுகிறது. புழு மனை வைத்தியம் இதற்கும் செல்லுமா?

நோய் ஒன்றுதான் தம்பி. வால்வின் தலையிலேயே சென்சார் இருக்கிறது, சூடான குழாய்க்கு ஒட்டி. திரைச்சீலையும் அதன் மேல் விழுந்தால் அறை 19ல் இருக்கும்போதே அது 21 என்று நினைத்து மூடிவிடும். உன் வால்வு ஏற்றுக்கொள்ளும் தனி அறைச் சென்சார் இருந்தால் வாங்கி, கட்டில் உயரத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வை. இல்லாவிட்டால் செயலியில் ஆஃப்செட் (சென்சார் தவறாகக் காட்டும் அளவுக்கான திருத்தம்) போடு, திரையைத் தூக்கிக் கட்டு.

வால்வு மாட்டியதும் அது தன் ஊசியை முழுக்கத் தள்ளித் திறந்து மூடும் எல்லையைக் கற்றுக்கொள்ளும். அந்த வேலை பாதியில் நின்றிருந்தால் மறுபடி ஓடவிடு. வால்வு எப்போதும் கொஞ்சமாகத் திறந்ததுமே அறை எகிறினால் கொதிகலனிலிருந்து வரும் தண்ணீர் தேவைக்கு மேல் சூடாக இருக்கிறது. அது வீட்டுக்காரர் வேலை, அவரிடம் சொல். வீட்டில் பழைய எண் போட்ட வால்வு எதிலாவது மிச்சமிருந்தால் 3 என்றால் ஏறக்குறைய 20 டிகிரி. 5ல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, நிற்கிற இடம்தான் உயரும்.

மொரப்பூரிலிருந்து: பெட்டி ஒன்று சொல்கிறது, கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று சொல்கிறது. எதை நம்புவது?

முதலில் கண்ணாடியைச் சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், அதில் கொஞ்சம் தண்ணீர், நன்றாகக் கலக்கி அதற்குள் வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால் அதை நம்பலாம். அப்புறம் ஒரு வாளியில் 26 டிகிரிக்குப் பக்கமாகத் தண்ணீர் கலந்து, கண்ணாடியையும் சென்சார் முனையையும் சேர்த்துக் கட்டி ஐந்து நிமிடம் முக்கி வையுங்கள். என்ன வித்தியாசம் வருகிறதோ அதைச் சென்சார் திருத்தத்துக்கான எஃப்4ல் போட்டு, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்திச் சேமித்துவிடுங்கள். ஒவ்வொரு புது முட்டைத் தொகுதி வருவதற்கு முன்னாலும் மனையைக் கழுவிக் கிருமி நீக்கும்போதே இதையும் செய்துவிட்டால் வேலை முடிந்தது.