பூத்தண்டு விட்ட கீரை: எதைத் தின்பது, எதை விதைக்கு விடுவது?

இலைக் காய்கறிகள் திடீரென்று தண்டு நீட்டிப் பூப்பதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: லெட்டூஸ் ஒரே வாரத்தில் நெடுநெடுவென்று வளர்ந்து நடுவில் தண்டு விட்டுவிட்டது. இலையும் கசக்கிறது. தண்டைக் கிள்ளிவிட்டால் பழையபடி இலை கொடுக்குமா?

கொடுக்காது. பூக்கும் பருவத்துக்குள் போன செடியைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. நுனியைக் கிள்ளினால் கீழ்க்கணுக்களிலிருந்து மூன்று நான்கு சிறு தண்டுகள் கிளம்பும். உங்களுக்குச் சில நாள் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். நீண்ட பகலும் வெப்பமும் சேரும்போது லெட்டூஸ் பூக்கத் தொடங்கும். தண்ணீர் தட்டுப்பாடும் நெருக்கமான நடவும் அதை இன்னும் முடுக்கிவிடும்.

கசப்பு வருவது செடிக்குள் ஓடும் வெள்ளைப் பாலிலிருந்து. தண்டு எழும்ப எழும்ப அந்தப் பால் கூடுகிறது. அதிகாலையில் பறித்து, குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் போட்டு வைத்தால் கசப்பு சற்றுக் குறையும், அடியோடு போகாது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு நீரை வடித்துவிட்டால் பலருக்கும் சாப்பிட முடிகிறது.

பலர் கவனிக்காத பகுதி தண்டுதான். மொட்டு தெரிவதற்கு முன், தண்டு ஓரடி உயரம் இருக்கும்போது அடியில் வெட்டுங்கள். தோலைப் பட்டும் படாமலும் சீவினால் போதாது. நார் ஓடும் வெளிவட்டம் முழுக்கப் போகும்வரை கனமாகச் சீவ வேண்டும். பால் அந்த வட்டத்தில்தான் அதிகம். உள்ளே இளம்பச்சையில் நீர்த்த, மொறுமொறுப்பான தண்டு இருக்கும். பச்சையாகவும் தின்னலாம், வதக்கவும் செய்யலாம். தண்டுக்காகவே வளர்க்கப்படும் லெட்டூஸ் ரகமும் உண்டு. மொட்டு விரிந்தபின் வெட்டினால் உள்ளும் நாராகிவிடும்.

கேள்வி: பூத்த பிறகும் தின்னத் தகுந்தவை எவை? எல்லாவற்றையும் பிடுங்கி உரக்குழியில் போடுவது வீண் என்று தோன்றுகிறது.

வீண்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் தின்னும் பகுதி வேறு, அதைப் பறிக்கும் நேரமும் வேறு.

கடுகுக் கீரை, கேல், பாக் சோய், முட்டைக்கோஸ் இனங்களில் பூந்தண்டே நல்ல காய்கறி. மொட்டுகள் கொத்தாக மூடியிருக்க, ஒன்றிரண்டு பூ மட்டும் விரிந்திருக்கும்போது பறிக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்று குழம்ப வேண்டாம். தண்டை மேலிருந்து கீழாக வளைத்துக்கொண்டே வாருங்கள். பட்டென்று ஒடியும் இடம் வரை இளசு, அதற்குக் கீழே நார். நடுத்தண்டை எடுத்ததும் பக்கத் தண்டுகள் வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒடித்தால் இரண்டு மூன்று வாரம் பறிக்கலாம். சமைக்க இரண்டு மூன்று நிமிடம் போதும். அதற்கு மேல் வெந்தால் நிறம் மங்கி, கோசு வேகும் நாற்றம் வந்துவிடும்.

முள்ளங்கி பூத்துவிட்டால் கிழங்கு பஞ்சாகிவிடும், அதை விட்டுவிடுங்கள். ஆனால் பூவுக்குப் பின் வரும் பச்சைக் காய் அருமையானது. பென்சிலை விட மெல்லியதாக, ஒடித்தால் சத்தம் வரும் பதத்தில் பறியுங்கள். காரம் இருக்கும், மொறுமொறுப்பும் இருக்கும். விரலால் அழுத்தும்போது உள்ளே விதை தட்டுப்பட்டால் முற்றிவிட்டது என்று பொருள்.

கொத்தமல்லியில் இலை நூல் போலப் பிரிந்ததும் மணம் மெலிந்துவிடும். பூவையும், அதைவிடப் பச்சைக் காயையும் பயன்படுத்துங்கள். காய்ந்த விதையின் மணமும் இலையின் மணமும் அதில் ஒன்றாக இருக்கும். நசுக்கிப் போட்டால் இலையின் இடத்தை நிரப்பும். அது பச்சையாக இருப்பது சில நாள்தான், தினமும் பார்த்துப் பறிக்க வேண்டும்.

தண்டுக்கீரை வகைகளில் இளங்கதிரை இலையோடு சேர்த்துச் சமைக்கலாம். தண்டின் தோலை உரித்துவிட்டால் உள்சதை மெதுவாக இருக்கும். கதிரைக் கசக்கும்போது கறுப்பு விதை உதிர்ந்தால் அந்தச் செடியை விதைக்கு விடுங்கள். பாலக்கில் இலை குறுகி அம்புமுனை போலாகி, துவர்ப்பு ஏறும். மொட்டு வரும்வரை பறித்துக்கொள்ளலாம், அதன்பின் சுவையில்லை. அதில் சிறுநீரகக் கல்லுக்கு வித்தாகும் ஆக்சலேட் என்ற பொருள் எப்போதுமே அதிகம். சிறுநீரகக் கல் இருப்பவர்கள் வேகவைத்த நீரை வடித்துவிட்டு, அளவாகச் சாப்பிடுவது நல்லது. கொடிப்பசலை பூத்தாலும் காய்த்தாலும் புதுத்தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. கொத்தமல்லி, பார்ஸ்லி, கேரட் போலக் குடைவிரித்த பூக்கொத்து உள்ள காட்டுச்செடிகளில் கொடிய நஞ்சுள்ளவை உண்டு. ஹெம்லாக் அவற்றில் ஒன்று. நீங்கள் விதைக்காமல் தானாக முளைத்த குடைப்பூச்செடி எதையும் இலைக்காகவோ காய்க்காகவோ பறிக்காதீர்கள். சாயமேற்றி, மருந்து கலந்து விற்கப்படும் விதைப்பொட்டலத்தில் மிஞ்சியதையும் சமையலுக்கு எடுக்கக்கூடாது.

கேள்வி: இருபது செடியில் ஒன்று மட்டும் முதலில் பூத்து, நன்றாக உயர்ந்து நிற்கிறது. அதையே விதைக்கு விடலாமா?

விடவே கூடாது. விதை எடுப்பவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் மிகப் பெரியது. அதில் பிழையும் உடனே தெரியாது. விதை நன்றாக முளைக்கும், செடியும் செழிப்பாக வரும். ஆனால் சீக்கிரம் பூக்கும் குணம் அந்த விதையில் ஏறிவிட்டிருக்கும். இப்படி மூன்று நான்கு தலைமுறை எடுத்தால், இலை பறிக்கத் தொடங்கும் முன்பே தண்டு விடும் கீரைதான் மிஞ்சும்.

முதலில் பூப்பதைத் தின்றுவிடுங்கள். கடைசிவரை இலை விட்டுத் தாக்குப்பிடிக்கும் செடிகளுக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். அவற்றிலிருந்து அதன்பின் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. விதைக்கு வேண்டிய சக்தி இலையிலிருந்துதான் வருகிறது. இலையைப் பறித்த செடியில் விதை சிறுத்து, பதராகும். அடையாளம் வைத்தவற்றில் நோய் கண்டது, இலைச்சுவை குறைந்தது, மற்றவற்றோடு ஒத்துப்போகாதது ஆகியவற்றைப் பூப்பதற்கு முன்பே கழித்துவிடுங்கள்.

கேள்வி: கேல், நூல்கோல், கடுகுக் கீரை, முள்ளங்கி நான்கும் ஒரே நேரத்தில் பூத்திருக்கின்றன. விதை கலந்துவிடுமா?

கேலும் நூல்கோலும் கட்டாயம் கலக்கும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, கேல், நூல்கோல் ஐந்தும் தோற்றத்தில் வேறு, தாவரவியலில் ஒரே இனம். டர்னிப், பாக் சோய், சீன முட்டைக்கோஸ் மூன்றும் இன்னோர் இனம், அவை தமக்குள் கலக்கும். கடுகுக் கீரை தனி இனம். இந்த உறவுகளை 1935-இல் ஒரு முக்கோணமாக வரைந்து காட்டியவர் தாவரவியலாளர் வூ ஜாங்-சூன். இனங்களுக்கிடையே எப்போதாவது கலப்பு நேரலாம், ஆனால் வீட்டுத் தோட்டத்தில் கவலைப்பட வேண்டியது இனத்துக்குள் நேரும் கலப்பைத்தான். முள்ளங்கி இவற்றோடு சேராது, மற்ற முள்ளங்கி ரகங்களோடு கலக்கும்.

இவற்றில் மகரந்தம் சுமப்பவை தேனீக்கள். தூரத்தால் பிரிக்க வேண்டுமானால் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு இடைவெளி தேவை, சிறு தோட்டத்தில் அது நடவாது. எளிய வழி, ஓர் ஆண்டில் ஓர் இனத்தில் ஒரு ரகத்தை மட்டும் பூக்கவிட்டு, மற்றதன் பூந்தண்டை ஒடித்துத் தின்றுவிடுவது. இரண்டும் வேண்டுமானால் பூச்சி புகாத வலைக்கூண்டு இரண்டு கட்டுங்கள். இன்று ஒன்றைத் திறந்து மற்றதை மூடுங்கள், நாளை மாற்றுங்கள். தேனீ வரும் முன், விடியலிலேயே மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று: கேல், முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகியவை பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒற்றைச் செடியை விட்டால் காய் இருக்கும், உள்ளே விதை இருக்காது. குறைந்தது இருபது செடி வேண்டும், நாற்பது இருந்தால் வீரியம் குன்றாது. லெட்டூஸும் வெந்தயமும் தன் மகரந்தத்திலேயே சூல்கொள்பவை. அவற்றில் ஐந்தாறு செடி போதும். லெட்டூஸ் ரகங்களுக்கிடையே ஐந்தாறு மீட்டர் விட்டாலே நிம்மதியாக இருக்கலாம்.

கேள்வி: பாலக்கில் பாதிச் செடிகளில் விதையே இல்லை. என்ன நோய்?

நோய் எதுவும் இல்லை. பாலக்கில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடி நுனியில் தூசி போல மகரந்தம் உதிர்த்துவிட்டு முதலிலேயே காய்ந்துவிடும். விதை பெண் செடியின் கணுக்களில் கொத்தாக இருக்கும். இரண்டு மூன்று பெண் செடிக்கு ஓர் ஆண் செடி என்ற கணக்கில் விட்டால் போதும். முதலில் தண்டு விடும் ஆண் செடியைப் பிடுங்கிவிடுங்கள், பிறகு வருபவற்றை விடுங்கள். மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். அதனால் ஒரு நேரத்தில் ஒரே ரகம்தான்.

கேள்வி: விதையை எப்போது அறுப்பது? காத்திருந்தால் கொட்டிவிடுகிறது, முந்தினால் முளைப்பதில்லை.

கடுகு, கேல் வகைகளில் காய் பாதிக்கு மேல் வைக்கோல் நிறமாகி, உள்ளே விதை பழுப்பாகத் தெரிந்ததும் முழுச்செடியையும் வெட்டுங்கள். எல்லாக் காயும் காயட்டும் என்று நின்றால் கீழ்க்காய்கள் வெடித்து விதை மண்ணுக்குப் போகும். பனி உலராத காலையில் வெட்டினால் உதிர்வது குறையும். பெரிய துணிப்பைக்குள் தலைகீழாக விட்டு, மழை படாத காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

முள்ளங்கிக் காய் தானாக வெடிக்காது. செடியிலேயே நன்றாகக் காயவிட்டு, பிறகு துணியில் சுற்றி மரக்கட்டையால் தட்ட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் காயோடு வெட்டி உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

லெட்டூஸ் ஒரே நேரத்தில் முற்றாது. ஒரு பூ விரிந்து இரண்டு மூன்று வாரத்தில் அதன் தலையில் வெண்பஞ்சு தெரியும், அப்போது விதை தயார். இரண்டு நாளுக்கு ஒருமுறை செடியைக் காகிதப்பைக்குள் வளைத்து உலுக்குங்கள். முற்றியது மட்டும் விழும். தண்டில் அசுவினி அடைந்திருந்தால் மொட்டு விடும் முன்பே தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள், பிறகு விட்டால் விதை சூம்பிவிடும்.

கொத்தமல்லி மூன்றில் இரண்டு பங்கு பழுப்பானதும் அறுக்கலாம். தண்டுக்கீரையில் கதிரை உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள். விதை தாராளமாக உதிர்ந்தால் கதிரை வெட்டலாம். விதை மிகச் சிறியது, ஒரு கிராமில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். கண்ணியகன்ற சல்லடையில் தேய்த்துச் சலித்துவிட்டு, முறத்தில் மெல்லப் புடையுங்கள். பலத்த காற்றில் தூற்றினால் உமியோடு விதையும் போய்விடும்.

கேள்வி: சேமித்த விதை அடுத்த ஆண்டு பாதிதான் முளைத்தது. எங்கே தவறு?

பெரும்பாலும் காய்ச்சல் போதாததுதான் காரணம். கைக்கு உலர்ந்ததாகத் தோன்றும் விதைக்குள்ளும் ஈரம் இருக்கும். சுத்தம் செய்த விதையைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வையுங்கள். அடிக்கடி கிளறிவிடுங்கள். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. உச்சிவெயிலில் சூடேறும் உலோகத் தட்டு விதையின் கருவைக் கொன்றுவிடும்.

சோதிக்க, சிறு விதையைக் கல்லில் வைத்துக் கரண்டியின் அடியால் நசுக்குங்கள். பொடிந்தால் காய்ச்சல் சரி, நசுங்கித் தட்டையானால் இன்னும் காய வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த காலத்தில், விதையின் எடைக்குச் சமமான, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை ஒரு துணிமுடிச்சில் கட்டி, விதையோடு காற்றுப்புகாத கண்ணாடிப் புட்டியில் ஒரு வாரம் மூடிவையுங்கள்.

விதை உடலியலாளர் ஜேம்ஸ் ஹாரிங்டன் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். இது தோராயமான விதிதான், ஆனாலும் ஈரத்துக்கு எவ்வளவு எடை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. குளிர்பெட்டியில் வைப்பவர்கள் புட்டியை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். அறைச்சூட்டுக்கு வரும் முன் திறந்தால் குளிர்ந்த விதையில் நீர் வியர்த்துவிடும்.

நன்றாக வைத்தால் கேல், முட்டைக்கோஸ் வகைகள் நான்கைந்து ஆண்டும், லெட்டூஸ், பாலக், கொத்தமல்லி மூன்றாண்டு போலவும் தாங்கும். பார்ஸ்லி ஓரிரு ஆண்டுதான்.

கேள்வி: வீரிய ஒட்டு ரகத்திலிருந்து விதை எடுக்கலாமா?

முளைக்கும். தாய்ச்செடி போலவே வராது, பல விதமாகப் பிரியும். அதன் பூந்தண்டைத் தின்றுவிட்டு, விதைக்கு நாட்டு ரகத்தை விடுங்கள்.

கேள்வி: கேல் இலையோரத்தில் ஆங்கில 'வி' எழுத்துப் போல மஞ்சளாகி, நரம்பு கறுத்திருந்தது. அந்தச் செடியின் விதையைப் பயன்படுத்தலாமா?

கருப்பழுகல் என்ற பாக்டீரியா நோய் போலத் தெரிகிறது. அது விதை வழியாகப் பரவும். விதையைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. அரிய ரகமாக இருந்து விட மனமில்லையென்றால் வெந்நீர் நேர்த்தி செய்யலாம். விதையைத் துணியில் தளர்வாகக் கட்டி, முதலில் 38 டிகிரி நீரில் பத்து நிமிடம், பிறகு சரியாக 50 டிகிரி நீரில் கேலுக்கு 20 நிமிடம், முட்டைக்கோஸுக்கு 25 நிமிடம் வைத்து, உடனே குளிர்நீரில் ஆற்றி, பரப்பிக் காயவிடுங்கள். வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இரண்டு டிகிரி கூடினால் முளைப்பு போகும், குறைந்தால் நோய் போகாது. பழைய விதை இதைத் தாங்காது, முதலில் கொஞ்சம் எடுத்துச் சோதியுங்கள்.

கேள்வி: அறுத்த உடனே விதைத்த லெட்டூஸ் முளைக்கவே இல்லை. விதை செத்துவிட்டதா?

அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். புது லெட்டூஸ் விதைக்குச் சில வாரங்கள் உறக்கம் இருக்கும். மண் 27, 28 டிகிரிக்கு மேல் சூடானாலும் பல ரகங்கள் முளைக்க மறுக்கும். பல ரகங்களுக்கு ஒளியும் வேண்டும், ஆழமாக மூடினால் வராது. பத்து விதையை ஈரத்துணியில் மடித்து, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று நாள் வைத்துவிட்டு, பிறகு நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் ஏழெட்டு வெண்முளை விட்டால் விதை உயிரோடு இருக்கிறது. மீதியை மாலையில், நனைத்து ஆறவைத்த மண்மேல் தூவி, விதை மறைந்தும் மறையாத அளவுக்கு மட்டும் பொடிமண் சலித்து, முளைக்கும்வரை நிழல்துணி கட்டுங்கள்.