பொழுது சாய்ந்தால் சுற்றும் கை

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரிலிருந்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரும் என் பெயரும் வேண்டாம். வயது 37. வீட்டுக்காரருக்கு பெருந்துறை சிப்காட்டில் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிப்ட். மகள் ஆறாவது படிக்கிறாள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அத்தைக்கு 74 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாமனார் தறி ஓட்ட, அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். மாமனார் காலமாகி, தறியையும் விற்றுப் பத்து வருடம் ஆகிறது. மூத்த மகன் கோவையில், மகள் காங்கேயத்தில் இருக்கிறார்கள்.

என்னைக் கோப ஆவி பிடித்திருக்கிறதாம் அக்கா. அது உண்மையா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இரண்டு வருடமாகவே அத்தை சரியில்லை. குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போடுவார், சாப்பிட்ட வட்டல் காய்வதற்குள் "எனக்குச் சோறே போடல" என்பார். பிறகு திருட்டுப் பழி. சொந்தக்காரர்கள் ஒறம்பரை வந்திருந்த நாளில் எல்லார் முன்னாலும் "என்ற தோட்டை இவதான் எடுத்துட்டா" என்றார். தோடு மறுநாள் அரிசி டின்னுக்குள் கிடந்தது. அதைப் பார்க்க ஒறம்பரையில் யாரும் இல்லை.

பொழுது சாய்ந்தால் போதும், "ஊட்டுக்குப் போலாம், உடு" என்று கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டுவார். இருப்பதே அவர் வீட்டில்தான். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வலது கையைக் காற்றில் சுற்றிக்கொண்டே இருப்பார். இடது கை எதையோ பிடித்த மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம்கூடச் சுற்றும்.

எங்கள் குடும்பம் சி.எஸ்.ஐ. ஆனால் ஒரு வருடமாகப் பக்கத்து ஊர் ஜெபவீட்டுக்கும் போகிறேன். அங்கிருந்து ஊழியக்கார அம்மா ஒருவர் வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். அத்தை கை சுற்றுவதைப் பார்த்ததும், "இது அசுத்த ஆவியோட கட்டு. அந்த ஆவிதான் உனக்குள்ளயும் கோபமா வருது" என்றார். அத்தைக்கு மூன்று நாள் உபவாசம் போட வேண்டுமாம், பிறகு நாற்பது நாள் ஜெபவீட்டில் விட வேண்டுமாம். "ஓடப் பார்த்தா காலைக் கட்டிப் போட்டுக்கலாம்" என்கிறார். வீட்டுக்காரரிடம் சொன்னால் "உன்ற இஷ்டம்" என்கிறார். நானும் வாரம் இரண்டு நாள் உபவாசம் இருக்கிறேன்.

போன மாதம் மூன்று தரம், விடியால மூன்று மணி வாக்கில் முழிப்பு வந்தது. கை கால் அசையவில்லை. நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். "இயேசுவே" என்று கூப்பிடப் பார்த்தேன், நாக்கு எழவில்லை.

கடைசியாக, சொல்லக் கூடாததைச் சொல்கிறேன். ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிறது, அத்தை தாழ்ப்பாளைத் திறந்து ரோட்டுக்கே போய்விட்டார். லாரி போகிற ரோடு. இழுத்து வந்து கையில் ஓங்கி அடித்துவிட்டேன். நாலு விரலும் பதிந்துவிட்டது. அத்தை அழவில்லை. என் மூஞ்சியைப் பார்த்து, "ஆரு நீயி? என்னைய ஏனம்மணி அடிக்கறே?" என்று கேட்டார். மகள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூரியன் அஸ்தமிக்கும் முன் கோபம் தணிய வேண்டும் என்று வேதம் சொல்கிறது. எனக்குத் தினமும் கோபத்தோடுதான் அஸ்தமிக்கிறது. எனக்கு மன்னிப்பு உண்டா?

— ஒரு சகோதரி

⁕

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதலில் அந்தக் கை.

வலது கை சுற்றுகிறது, இடது கை எதையோ பிடித்திருக்கிறது. நீங்களே எழுதியதுதான். மேலே ஆறேழு வரிக்கு முன்னால் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ராட்டையில் தார் சுற்றியவர் என்று. சகோதரி, உங்கள் அத்தை தார் சுற்றுகிறார். வலது கை ராட்டைச் சக்கரத்தைச் சுற்ற, இடது கை நூல் அறாமல் விட்டுக்கொடுக்கிறது. மறதி நோயில் நேற்றைய சோறு மறந்துபோகும், மருமகள் முகம் மறந்துபோகும். கை பழகிய வேலை பெரும்பாலும் நெடுநாள் தங்கும். என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, ஒரு விவசாயி. கடைசி வருடம் கட்டிலில் படுத்தபடியே மாட்டை அதட்டி அதட்டி, கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டுவார். தோட்டத்தில் மோட்டார் வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. அவருக்கு யாரும் எண்ணெய் பூசவில்லை, "மாடு தண்ணி குடிச்சுட்டுதுங்" என்று அம்மிச்சி சொன்னால் தூங்கிவிடுவார்.

பிசாசு உண்டா இல்லையா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நானும் முழங்காலில் நின்று ஜெபிக்கிறவள்தான். ஆனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிய ஒரு வேலையை அசுத்த ஆவி என்று சொல்வதை ஒத்துக்கொள்ள முடியாது. திருட்டுப் பழி, பொழுது சாய்ந்தால் வரும் தவிப்பு, சொந்த வீட்டிலேயே "வீட்டுக்குப் போகலாம்" என்பது, எல்லாம் மறதி நோயில் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பவை. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த பெரிய ஆய்வு சொல்கிறது. அத்தைக்கு இருப்பது அதுதான் என்று கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட மாட்டேன். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, சிறுநீர்த் தொற்று, இவையும் வயதானவர்களைக் குழப்பிவிடும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. அதனால்தான் டாக்டரிடம் காட்டச் சொல்கிறேன்.

உபவாசமும் நாற்பது நாளும் வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. சர்க்கரை மாத்திரை போடும் 74 வயதுக்காரரைப் பட்டினி போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். காலைக் கட்டுவது இன்னும் மோசம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். மனநலம் குன்றியவரைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் வருட மனநலச் சட்டமே சொல்கிறது. அந்த அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் ஆளை அனுப்பாதீர்கள்.

நெஞ்சில் உட்காருவதை ஊரில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு காணும் உறக்கத்தில் உடம்பு எழுந்து ஓடாமல் இருக்க, மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. சில நேரம் அந்தத் தளர்ச்சி விலகும் முன்னே விழிப்பு வந்துவிடும். கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது, பயம் நெஞ்சை அழுத்தும். சில நொடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் தானே விட்டுவிடும். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் உள்ள வாரங்களில்தானே வந்தது? அந்த இராத்திரிகளில் அத்தை எழுந்தால் நீங்கள்தான் எழ வேண்டும். நாக்கு எழாதபோது மனதுக்குள் கூப்பிட்டது ஆண்டவருக்குக் கேட்காமல் போயிருக்காது. ஒரு விரல் நுனியை அசைக்கப் பாருங்கள், சீக்கிரம் விடலாம்.

இனி கோபம்.

அது வர ஆவி தேவையில்லை. தூக்கமில்லை, வாரம் இரண்டு நாள் சோறில்லை, ஒறம்பரை முன்னால் திருடிப் பட்டம், "உன்ற இஷ்டம்" என்று ஒதுங்கும் புருஷன். கோபம் வராவிட்டால்தான் நான் பயப்படுவேன். ஆனால் அந்த அடி உங்கள் அடி. ஆவி மேல் போட்டால் பாரம் குறையும்போல இருக்கும், குறையாது. அடித்த கையைக் கொண்டே ஆண்டவர் முன் போய், "நான் அடித்தேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மன்னிப்பு உண்டு. அத்தைக்கு நினைவிருக்காது என்றாலும் அவர் கையைப் பிடித்து ஒரு தரம் சொல்லிவிடுங்கள். மகளிடம் அவசியம் சொல்லுங்கள்: "ஆயாவை அம்மா அடிச்சது தப்பு. ஆயாவுக்கு உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம்." அவள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடாது.

எபேசியர் நான்காம் அதிகாரத்தில் நீங்கள் பிடித்துக்கொண்ட வரிக்கு முன்னால் "நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்" என்று இருக்கிறது. கோபமே வரக் கூடாது என்று பவுல் எழுதவில்லை. அத்தைக்குத் தவிப்புத் தொடங்குவதே சூரியன் சாயும்போதுதான். உங்களுக்குக் கோபம் வருவதும் அப்போதுதான். அந்த வசனத்தைக் கடிகாரமாக்கி உங்களையே அடித்துக்கொள்ளாதீர்கள். அஸ்தமனத்துக்கு முன்னால் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், வசனத்துக்கு அதுவும் ஒரு கீழ்ப்படிதல்தான்.

நாலரை மணிக்கே வீட்டு லைட்டுகளைப் போட்டுவிடுங்கள். இருட்டும் நிழலும் அவருக்கு ஆட்களாகத் தெரியலாம். தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் மாற்றிப் போடுங்கள், கண் மட்டத்தில் இல்லாததை அவர் பெரும்பாலும் தேட மாட்டார். அப்புறம் ஒரு நூல் கண்டு வாங்கிக் கையில் கொடுங்கள். சென்னிமலைப் பக்கம் நூலுக்கா பஞ்சம்! "வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதானுங்க வீடு" என்று வாதாட வேண்டாம். "இந்தத் தாரைச் சுத்தி முடிச்சுட்டுப் போலாங்க அத்தை" என்று சொல்லிப் பாருங்கள். தினமும் பலிக்காது. பலிக்கிற நாளில் உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா தின்றான், தூங்கினான். தூதன் திரும்ப வந்து எழுப்பி, மறுபடியும் தின்னச் சொன்னான். உங்கள் உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

பெற்றோரைப் பராமரிக்க 2007இல் வந்த சட்டம் அந்தக் கடமையை மகன், மகள், பேரன், பேத்தி மேல் வைத்தது. மருமகள் என்ற சொல் அந்த வரையறையில் இல்லை. கேஸ் போடச் சொல்லவில்லை, வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்தச் சொல்கிறேன். கோவைக்காரரையும் காங்கேயத்து நாத்தனாரையும் ஒரு ஞாயிறு கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியது அவர் வேலை. மாதம் ஒரு வாரம் நாத்தனார் வீடு, அல்லது நாத்தனார் இங்கே வருவது. பணத்தைக் கோவை பார்க்கட்டும். உங்கள் சி.எஸ்.ஐ. சபை ஆயரிடமும் நடந்ததைச் சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வாரம் இரண்டு சாயங்காலம் ஒருவர் வந்து ஐந்திலிருந்து ஏழு வரை அத்தையோடு உட்கார்ந்தால் போதும். வீட்டில் வந்து சத்தமாக ஜெபிக்க வேண்டாம், அவர் மிரளுவார்.

ஜெபம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நூலைக் கையில் கொடுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, 71ஆம் சங்கீதத்தில் ஒரே வரி: "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்." அத்தைக்காக அவர் குரலில் சொல்லுங்கள். சின்ன வயதில் பாடிய பாமாலை ஏதாவது அவர் வாயில் வந்தாலும் வரும். உங்களுக்காக அழகான வார்த்தை தேட வேண்டாம். "ஆண்டவரே, இன்றைக்கு எனக்கு இவர் மேல் எரிச்சல். ஓடிப் போய்விடலாம் என்று இருக்கிறது. இந்த இராத்திரி ஓடாமல் இருக்க மட்டும் பெலன் தாரும். நாளைக்கு நாளை கேட்கிறேன்." இப்படியே கேளுங்கள்.

கை ஓங்கும் நேரம் வந்தால் அத்தையை உட்கார வைத்து, வாசல் கதவைப் பூட்டிவிட்டு, அடுத்த அறையில் பத்து எண்ணிக்கை நில்லுங்கள். உங்களையோ அவரையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் எந்த நேரமானாலும் 14416க்குக் கூப்பிடுங்கள். அரசின் டெலிமனஸ் எண், காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள்.

பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டுக்காரரின் நைட் ஷிப்ட் வாரத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு காலையில் போங்கள், அவர் தூக்கம் ஒருநாள் கெடட்டும். அத்தை சாப்பிடும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எது எப்போது மறந்தது, எப்போது ரோட்டுக்குப் போனார் என்று நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொண்டுபோனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். ஓபி வரிசையில் நேரமாகும், நூல் கண்டை மறந்துவிடாதீர்கள்.